வச்சிரச் சட்டியும் ஹீட் பம்ப்பும்

தேவகோட்டையில் என் அப்பாவின் தச்சுப் பட்டறைக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது. பின்னால் அடுத்த வீட்டு மதில், முன்னால் பனங்கால்கள், மேலே தென்னங்கீற்று, அவ்வளவுதான் கட்டடம். ஆனால் அந்தக் கொட்டகையை எந்தத் திசை பார்த்துப் போடுவது என்று அவர் யோசித்த யோசனை கொஞ்சமல்ல. ஆடிக் காற்று எந்தப் பக்கம் நுழையும், சித்திரை வெயில் எத்தனை மணிக்கு வேலைப் பலகையைத் தொடும் என்றெல்லாம் பார்த்த பிறகுதான் கால் நட்டார்.

அக்னி நட்சத்திரத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். பதினொரு மணிக்கு நிற்கும். வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி. மேற்குப் பக்கம் சணல் சாக்கைத் தொங்கவிட்டு அதில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது சிறுவனான என் வேலை. இழைப்புளியின் அலகில் வியர்வை சொட்டிவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் துருப்புள்ளி நிற்கும். அதனால் நெற்றியில் துண்டைச் சுற்றிக் கட்டாமல் அப்பா இழைப்புளியைக் கையில் எடுக்க மாட்டார்.

இன்று நான் கனடாவில், டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், வீட்டோடு ஒட்டிய கராஜை மரவேலைப் பட்டறையாக வைத்திருக்கிறேன். இருபதுக்கு இருபது அடி. ஜனவரியில் வெளியே மைனஸ் 18 இருக்கும்போது உள்ளே 16 டிகிரி செல்சியஸ். அந்தப் பதினாறு டிகிரியை எப்படிக் கொண்டுவருவது என்று முடிவெடுக்க, அப்பா கொட்டகைக்குப் பட்ட பாட்டைவிட நான் பட்டது அதிகம். காற்று எங்கே நுழைகிறது என்று அவரைப் போல நானும் தேடினேன். அவர் தேடியது வழிவிட. நான் தேடியது அடைக்க. காற்றடிக்கும் ஒரு நாளில் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக நடந்தால் போதும். புகை எங்கே வளைந்து ஓடுகிறதோ அங்கே ஓட்டை. மின்சாரப் பெட்டிக்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் இடத்தில், கதவின் கீழ் ரப்பர் வெடித்த இடத்தில் என்று சாக்கட்டியால் குறித்துக்கொண்டே வரலாம்.

குளிர்நாட்டில் பட்டறை வைக்கும் நம்மவர்கள் பலர், உடம்புக்குக் குளிராமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உடம்புக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறது. வெப்பம் வேண்டியது முதலில் பசைக்கு.

எங்கள் தாத்தா காலத்தில் பசை என்றால் வச்சிரம்தான். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி இறுக்கிய பழுப்பு வில்லைகள். இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் சட்டிக்குள் சட்டி வைத்து வெந்நீர்ச் சூட்டில் உருக்க வேண்டும். 60 டிகிரி வாக்கில் நிற்க வேண்டும். கொதிக்கவிட்டால் பிடிப்புப் போய்விடும். ஆறினால் கூழாக உறைந்துவிடும். அப்பா தொழில் கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோது முதலில் கிடைத்த வேலை அந்தச் சட்டிக்குக் காவல். நாற்பது டிகிரி வெயிலில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நெருப்பைத் தணிப்பதும் கூட்டுவதுமாக ஒரு பையன். அதன் நாற்றம் சாப்பிடும் கையில்கூட இருக்கும் என்பார்.

1959இல் பெவிகால் வந்தது. பாலிவினைல் அசிடேட் என்ற செயற்கைப் பிசின் நுண்துளிகளாகத் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைப் பசை. ஊறவைக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம், டப்பாவைத் திறந்து தடவினால் போதும். அது எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் அடுப்பு வெளியே போயிற்று. மரத்தொழிலில் நெருப்பிலிருந்து கிடைத்த உண்மையான விடுதலை அது என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

அதே குடும்பத்துப் பசைதான் இங்கேயும். ஆனால் அதற்குக் குளிர் ஆகாது. இந்த ஊரில் அதிகம் புழங்கும் டைட்பாண்ட் பசையில் முதல் வகைக்குக் குறைந்தது 10 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரண்டாம் வகைக்கு 13, மூன்றாம் வகைக்கு 8 என்பது தயாரிப்பாளர் கணக்கு. காற்று மட்டும் அந்தச் சூட்டில் இருந்தால் போதாது. பசையும் மரமும் இருக்க வேண்டும். தண்ணீர் வற்றும்போது அந்த நுண்துளிகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து படலமாக வேண்டும். குளிரில் அவை சேராமல் தனித்தனியாகவே காய்ந்துவிடும். ஒரு நண்பரின் கராஜில் மார்கழி மாதம் ஒட்டிய மேப்பிள் சட்டம் ஒன்றைக் கையால் முறுக்கியபோதே மூட்டு விட்டுக்கொடுத்தது. கழுந்தின் மேல் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. விரலால் துடைத்தால் வந்துவிட்டது. கழுந்தும் தொளையும் அளவு பிசகாமல் இருந்தன. பட்டறைதான் குளிர்ந்து கிடந்தது.

அடுப்பே வேண்டாம் என்று கண்டுபிடித்த பசை இது. அதற்காகவே ஒரு முழு அறையைச் சூடாக்கி வைக்க வேண்டியிருக்கிறது. தாத்தாவுக்கு ஒரு சட்டித் தண்ணீரைச் சூடாக்கினால் போதுமாக இருந்தது; ஊர் வெயில் மீதியைப் பார்த்துக்கொண்டது. எனக்கு 3,600 கன அடிக் காற்றும், அதற்குள் இருக்கும் வார்ப்பிரும்பு மேசைகளும், பலகைகளும், காங்கிரீட் தரையும் சூடாக வேண்டும். பசை இறுக்கிகளை அரை மணியில் கழற்றலாம் என்றாலும், மூட்டு முழு பலம் பெற ஒரு நாள் ஆகும். அதுவரை சூடு நிற்க வேண்டும். எந்த ஹீட்டர் என்ற கேள்விக்கு இதுதான் முதல் நிபந்தனை. உள்ளே போகும்போது போட்டு, வரும்போது அணைக்கும் ஹீட்டர், பசை வேலை செய்கிறவனுக்கு உதவாது.

நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் தெரிந்தவர்களின் கராஜ்களில் பார்த்ததெல்லாம் நீளக் குழாய் வடிவ மண்ணெண்ணெய் ஹீட்டர், இல்லாவிட்டால் புரொபேன் சிலிண்டரில் மாட்டியது. போட்ட பத்தாவது நிமிடம் அனல் அடிக்கும். மலிவு, எங்கும் கிடைக்கும், கம்பி இழுக்க வேண்டாம். புகைபோக்கி இல்லாததால் எரிந்ததெல்லாம் அறைக்குள்ளேயே நிற்கும் என்பதுதான் சங்கடம். எரியும்போது எரிபொருளில் இருக்கும் ஹைட்ரஜன் தண்ணீராக மாறுகிறது. 1 கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோவுக்கு மேல் நீராவி. அந்த ஆவி எது குளிர்ந்து கிடக்கிறதோ அதன் மேல் போய்ப் படியும். பட்டறையில் அது மேசை ரம்பத்தின் வார்ப்பிரும்பு மேல்தளம். சூடு ஏறிய அறையில் இரும்பு வியர்த்து நிற்பதை முதல் முறை பார்த்தபோது எனக்கு அப்பாவின் நெற்றித் துண்டுதான் நினைவு வந்தது. அங்கே வெயிலில் மனிதனிடமிருந்து சொட்டியது இங்கே பனியில் ஹீட்டரிலிருந்து சொட்டுகிறது. இரும்புக்கு இரண்டும் துருதான்.

துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். கார்பன் மோனாக்சைடை அப்படிச் செய்ய முடியாது. நிறமில்லை, மணமில்லை, காற்றோட்டம் இல்லாத அறையில் எரிபொருள் அரைகுறையாக எரியும்போது அது பெருகும். தலைவலியும் மயக்கமும் வரும்போது குளிர்தான் காரணம் என்று நினைத்துக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்துவார்கள். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் தூங்குகிறவர்களையும் அது தேடிப் போகும். எரிபொருள் கருவியோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் அலாரம் கட்டாயம் என்று ஒன்டாரியோ மாகாணம் 2014இல் விதி கொண்டுவந்ததற்குப் பின்னால் இறந்துபோன ஒரு குடும்பம் இருக்கிறது. புகைபோக்கி இல்லாத ஹீட்டரை மூடிய கராஜில் வைத்து வேலை செய்யும் தம்பிமார் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே அதை வெளியே எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொந்தக் கராஜ் அமைந்தபோது எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம் பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், காஸ் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரட்டைக் கராஜுக்கு 45,000 பி.டி.யூ. காஸ் ஹீட்டர் போதும் என்று கடையில் சொன்னதாக அவரிடம் சொன்னேன்.

"தம்பி, ஹீட்டரைப் பிறகு பாப்பம். முதல்ல உந்தக் கதவைப் பாரும்," என்றார்.

"கதவுக்கு என்ன அண்ணா? புதுசு மாதிரித்தானே இருக்கு?"

"உது வெறும் தகரம். நீர் எவ்வளவு வெக்கை வச்சாலும் அது ரோட்டுக்குத்தான் போகும்."

ஒரு பிளைவுட் துண்டில் தச்சுப் பென்சிலால் கணக்குப் போட்டோம். பதினாறுக்கு ஏழு அடிக் கதவு, 112 சதுர அடி. வெளியே மைனஸ் 20, உள்ளே 15 என்றால் அந்தத் தகரம் ஒன்றின் வழியாகவே ஏறக்குறைய 2,000 வாட் வெளியேறும். சுவரில் செருகும் சாதாரண மின்ஹீட்டர் தருவதே 1,500 வாட். அதாவது அதைக் கதவுக்கு முன்னால் வைத்தால் கதவுக்கே போதாது. அது 12.5 ஆம்பியர் இழுப்பதால், அதே இணைப்பில் ரம்பத்தையும் ஓட்ட முடியாது. அதே கதவு ஆர்-12 அளவு இன்சுலேஷன் உள்ளதாக இருந்தால் கணக்குப்படி இழப்பு 200 வாட்டுக்குள். ஓரங்களில் கசிவதைச் சேர்த்தாலும் பழையதில் சிறு பங்குதான்.

கதவை மாற்றினோம். வீட்டோடு சேரும் சுவரைத் தவிர மற்ற சுவர்களில் இன்சுலேஷன் ஒன்றுமே இல்லை. மரச் சட்டங்களுக்கு இடையில் ராக்வூல் அடைத்து, உட்பக்கம் 6 மில் பாலித்தீன் விரித்து, அதன் மேல் பலகை அடித்தோம். பாலித்தீன் உட்பக்கம்தான் வர வேண்டும் என்பதில் அண்ணன் விடாப்பிடியாக இருந்தார். உள்ளே இருக்கும் ஈரக் காற்று சுவருக்குள் நுழைந்து வெளிப்பக்கத்துக் குளிர்ந்த பலகையைத் தொட்டால் அங்கே தண்ணீராகிவிடும்; சில வருடங்களில் சட்டம் உளுத்துப்போகும். கூரைக்கு மேல் தடிமனாக நிரப்பினோம். எல்லாம் முடிந்த பிறகு மறுபடி கணக்குப் பார்த்தால், முன்பு கடும் குளிர் நாளில் 11 கிலோவாட் அளவுக்கு வேண்டியிருந்த அறைக்கு இப்போது 3 கிலோவாட் போதும். கடைக்காரர் சொன்ன 45,000 பி.டி.யூ. என்பது 13 கிலோவாட்டுக்கு மேல். கதவையும் சுவரையும் பார்க்காமல் அவர் சொன்னது தவறில்லை. அப்போதைய கராஜுக்கு அதுதான் வேண்டும்.

வீட்டு ஃபர்னஸிலிருந்து ஒரு குழாயைக் கராஜுக்குத் திருப்பிவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டட விதி அனுமதிக்காது. கார்ப் புகையும் பெட்ரோல் ஆவியும் அந்தக் குழாய் வழியாகப் படுக்கையறைக்கு வந்துவிடும். இடைச்சுவர் வாயு புகாதபடி அடைக்கப்பட்டிருப்பதும், வீட்டுக்குள் போகும் கதவு தானாகச் சாத்திக்கொள்வதும் அதற்காகத்தான்.

தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிப்பது கேட்கவே ஆசையாக இருக்கும். நாள் முழுக்க நிற்கும் காலுக்கு அதைவிடச் சுகமில்லை. புதுக் கட்டடத்தில் காங்கிரீட் ஊற்றும் முன் செய்ய வேண்டிய வேலை அது. என் தரை ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது. கூரையில் தொங்கும் அகச்சிவப்பு ஹீட்டர் காற்றை விட்டுவிட்டுப் பொருளை நேராகச் சூடாக்கும். உயரமான கூரைக்கு நல்லது. ஒன்பதடிக் கூரையில் மண்டை காயும், மேசைக்கு அடியில் கால் விறைக்கும். விறகடுப்பு வைத்தால் துண்டு மரமெல்லாம் எரிபொருளாகும் என்று சிலர் சொன்னார்கள். கராஜில் விறகடுப்பு என்றதும் காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கும். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

அப்பாவிடம் தொலைபேசியில் காஸ் ஹீட்டர் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நெருப்பை உள்ள வச்சுக்கிட்டா இழைக்கப் போற? சீவல் பத்திக்கிட்டா என்னடா செய்வ?"

பீடி குடிக்கிறவர்களைக் கொட்டகைக்கு வெளியே தெருவோரம் அனுப்பியவர் அவர். அவருடைய பட்டறையில் இருந்தது கைச்சீவல். சுருள் சுருளாக, கனமாக, தரையிலேயே கிடக்கும். என் பட்டறையில் பறப்பது மணல்தாள் இயந்திரம் கிளப்பும் நுண்தூள். காற்றில் அடர்ந்து மிதந்தால் ஒரு பொறிக்கே வெடிக்கக்கூடியது. மெருகு எண்ணெய், லேக்கர் ஆவிகள் வேறு. ஆகவே அப்பாவின் கேள்வி இங்கே இன்னும் கூர்மையான கேள்வி. அதற்குக் காஸ் ஹீட்டரில் பதில் உண்டு: எரியும் அறையை முழுக்க மூடி, ஒரு குழாயால் வெளிக்காற்றை இழுத்து, இன்னொன்றால் புகையை வெளியே தள்ளும் வகை. பட்டறைக் காற்றும் சுவாலையும் சந்திப்பதே இல்லை. காஸ் வைக்கிறவர்கள் அந்த வகையைத் தவிர வேறு எதையும் மரவேலை அறையில் மாட்டக் கூடாது. அதைக்கூட உரிமம் உள்ள டெக்னீஷியன்தான் பொருத்த வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். தரையிலிருந்து 18 அங்குலத்துக்குக் கீழே பொறி எழும் எதுவும் இருக்கக் கூடாது என்று இங்கே சொல்வதற்கும் காரணம் உண்டு; பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தவழும்.

240 வோல்ட்டில் ஓடும் 5 கிலோவாட் மின்ஹீட்டர் அடுத்தது. சுவாலை இல்லை, புகை இல்லை, ஈரம் இல்லை. தனியாக 30 ஆம்பியர் இணைப்பு வேண்டும்; பழைய வீடுகளில் மின்பெட்டி 100 ஆம்பியர்தான் என்றால் அடுப்பு, துணி உலர்த்தி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் இழுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாரம் முழுக்க ஓடினால் மின்கட்டணம் வலிக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் அதில் கிடைக்கும்.

நான் எடுத்தது மினி ஸ்பிளிட் ஹீட் பம்ப், 12,000 பி.டி.யூ., கடுங்குளிருக்கென்று செய்த மாதிரி. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் மிச்சமிருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. பூஜ்யத்தைச் சுற்றிய நாட்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். மைனஸ் 20க்குப் போனால் அந்த லாபம் குறைந்துகொண்டே வரும். காலி கராஜை அரை மணியில் சூடாக்கு என்றால் அதனால் முடியாது. இரவும் பகலும் ஒரே சீராகப் பிடித்து வைத்திரு என்றால் அதை விட்டால் ஆளில்லை. பசைக்கு வேண்டியது அதுதானே. 2023 முதல் ஒன்டாரியோவில் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை மிகக் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் தரும் திட்டமும் வந்திருக்கிறது. மாலையில் ஒட்டி, இறுக்கி வைத்துவிட்டு வந்தால், மூட்டு இறுகும் இரவு முழுக்க மலிவான நேரம்.

ஹீட் பம்ப்புக்கும் ஒரு குறை உண்டு. மரத்தூள் அதன் வடிகட்டியை அடைத்துவிடும். மணல்தாள் போட்ட வாரத்தில் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். தூள் உறிஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 1,000 கன அடி இழுக்கும் உறிஞ்சியின் குழாயை வெளியே விட்டால், நான்கு நிமிடத்துக்குள் அறையின் சூடான காற்று முழுவதும் தெருவுக்குப் போய்விடும். எந்த ஹீட்டராலும் அதை ஈடுகட்ட முடியாது. நல்ல வடிகட்டி வைத்து அந்தக் காற்றைத் திரும்ப உள்ளேயே விட வேண்டும்.

ஜூலையில் இதே இயந்திரம் அறையைக் குளிர வைக்கிறது, ஈரத்தையும் எடுக்கிறது. டொரொன்டோவின் கோடை ஈரத்தைத் தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. மரம் ஈரத்தோடு வாழும் பொருள். அப்பா எந்தக் கதவுப் பலகையையும் சட்டத்துக்குள் இறுக்கி அடிக்க மாட்டார். "ஐப்பசியில வீங்கும், சித்திரையில சுருங்கும், இடம் விடு" என்பார். இங்கே அந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. குளிர்காலத்துக் காற்றைச் சூடாக்கினால் அது வறண்டுபோகிறது; தையில் மரம் சுருங்குகிறது, ஆடியில் வீங்குகிறது. 300 மில்லிமீட்டர் அகல மேப்பிள் பலகையில் ஈரம் நான்கு சதவீதம் கூடினால் அகலம் 4 மில்லிமீட்டர் ஏறும். பட்டறை எவ்வளவு சீராக இருந்தாலும், செய்த பொருள் போய் நிற்கப்போவது இன்னொருவர் வீட்டில்.

இப்போது மேசையில் இருப்பது மார்க்கம் நகரில் குடியிருக்கும் ஒரு குடும்பம் கேட்ட பூஜை அலமாரி. கதவுப் பலகைகளைக் காடிக்குள் பசை போடாமல் மிதக்கவிட்டு, பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் இடம் விட்டுச் செருகியிருக்கிறேன். சட்டத்தின் மூலைகளுக்கு மட்டும் பசை. நாளை மாலைவரை இறுக்கிகளைத் தொடப்போவதில்லை.